ஏழு தடவை எம்.எல்.ஏ... ஒரு தடவைகூட மந்திரி இல்லை!

ஆபீஸ் நண்பர்களோடு கொடைக்கானல் டூர் போயிருக்கிறீர்களா? அப்படியென்றால் இந்தக் காட்சி உங்களுக்கு அத்துப்படி. கொடை ரோடு ஸ்டேஷனில் விடியற்காலைத் தூக்கத்தோடு இறங்கி, பல்கூட விளக்காமல் ஒரு டீ அடித்து, பஸ்ஸில் ஜன்னலோர சீட்டுக்குச் சண்டை போட்டு உட்கார்ந்திருப்பீர்கள். பஸ் கிளம்பினதும் மறுபடி தூக்கம். வத்தலக்குண்டு தாண்டி மலையேற ஆரம்பித்ததும்தான் கண் திறக்கும், செல்போன் வெளியே வரும். 'மச்சி, மேகத்தைப் பாருடா!'

நடுவில் ஓர் ஊர் வந்து போயிருக்கும். நிலக்கோட்டை. மல்லிகைக்கும் பூ மார்க்கெட்டுக்கும் பேர் போன ஊர். நீங்கள் குறட்டை விட்டுக்கொண்டிருந்த அந்த ஐந்து நிமிஷத்தில், தமிழக அரசியலின் ஒரு விசித்திரமான சாதனையைத் தாண்டிப் போய்விட்டீர்கள்.

இந்த ஊர்த் தொகுதிக்காரர்கள் ஒரே பெண்மணியை ஐந்து தடவை சட்டசபைக்கு அனுப்பினார்கள். பக்கத்துத் தொகுதியான சோழவந்தான் ஒரு தடவை அனுப்பியது. மலைக்கு அந்தப் பக்கம் இருக்கும் பழனி ஒரு தடவை அனுப்பியது. ஆக மொத்தம் ஏழு!

அவர் பெயர் ஏ.எஸ்.பொன்னம்மாள்.

'யாரு சார் அது?' என்றுதானே கேட்கிறீர்கள்? தப்பில்லை. பக்கத்து சீட் நண்பரிடம், 'உங்க தொகுதி எம்.எல்.ஏ. யாருங்க?' என்று கேட்டுப் பாருங்கள். சி.எஸ்.கே. டீமில் பதினோராவதாக இறங்குபவர் பேரைச் சொல்வார். அமெரிக்க ஜனாதிபதி பேரைச் சொல்வார். எம்.எல்.ஏ. பேருக்கு மட்டும் விட்டத்தைப் பார்ப்பார். இருக்கிற எம்.எல்.ஏ.வுக்கே இந்த கதி என்றால், 1957-ல் முதல் தடவை ஜெயித்தவரை யார் ஞாபகம் வைத்திருக்கப் போகிறார்கள்?

ஆனால், பொன்னம்மாளின் கதையை ஞாபகம் வைத்துக்கொள்ள ஒரு காரணம் இருக்கிறது. ஏழு தடவை ஜெயித்தும் அவர் மந்திரியாகவில்லை. சைரன் கார் இல்லை, இலாகா இல்லை. வெறும் எம்.எல்.ஏ. அந்த 'வெறும்' என்ற வார்த்தைக்குள் என்ன இருக்கிறது என்பதுதான் இந்தக் கட்டுரை.

ஆளுக்கொரு பெட்டி!

1957 பொதுத் தேர்தல். அப்போது நம் மாநிலத்துக்குத் தமிழ்நாடு என்ற பெயரே கிடையாது. சென்னை ராஜ்யம். பெயர் மாறியது 1969-ல்தான். காமராஜர் முதலமைச்சர்.

அந்தத் தேர்தலில் ஓட்டுப் போட்ட விதத்தைக் கேட்டால் சிரிப்பீர்கள். இப்போது மாதிரி மெஷினும் இல்லை, சின்னங்கள் வரிசையாக அச்சடித்த சீட்டும் இல்லை. ஒவ்வொரு வேட்பாளருக்கும் தனித்தனிப் பெட்டி. பெட்டி மேல் அவர் சின்னம் ஒட்டியிருக்கும். திரைக்குப் பின்னால் போய், பிடித்தவர் பெட்டியில் சீட்டைப் போட்டுவிட்டு வரவேண்டியதுதான். காங்கிரசின் சின்னம் நுகத்தடி பூட்டிய இரட்டைக் காளை. ஏர் உழுதுவிட்டு நேராக ஓட்டுப்போட வந்த ஜனங்களுக்கு அந்தப் படத்தை விளக்கவேண்டிய அவசியமே இருக்கவில்லை.

அப்படித்தான் பொன்னம்மாள் நிலக்கோட்டையில் ஜெயித்து முதன்முறையாக கோட்டைக்குள் நுழைந்தார்.

அதே வருஷம் முதன்முதலாகச் சட்டசபைக்குள் நுழைந்த இன்னொருவர், குளித்தலை தொகுதியின் மு.கருணாநிதி! தி.மு.க. களமிறங்கிய முதல் பொதுத்தேர்தல் அதுதான். காஞ்சிபுரத்தில் ஜெயித்த அண்ணாவையும் சேர்த்து பதினைந்து பேர் வந்தார்கள். ஒரே வருஷம் ஒரே வாசல் வழியாக உள்ளே போனவர்களில் ஒருவர் ஐந்து தடவை முதல்வரானார். இன்னொருவர் ஏழு தடவையும் எம்.எல்.ஏ.வாகவே இருந்தார்.

1962-ல் பொன்னம்மாள் சோழவந்தானில் காங்கிரஸ் வேட்பாளராக நின்று ஜெயித்தார். அடுத்த வருஷம் காமராஜர் கட்சிப் பணிக்காகப் பதவியை விட்டு இறங்க, பக்தவத்சலம் முதல்வரானார். பிறகு வந்தது 1967. இந்தி எதிர்ப்பும் அரிசித் தட்டுப்பாடும் சேர்ந்து காங்கிரஸைக் கவிழ்த்தன. விருதுநகரில் காமராஜரே ஒரு மாணவர் தலைவரிடம் தோற்றுப் போனார் என்றால், மற்றவர்கள் நிலையைக் கேட்க வேண்டுமா?

நிலக்கோட்டை தி.மு.க. கைக்குப் போனது. 1971-லும் தி.மு.க.தான். 1977-ல் எம்.ஜி.ஆர். அலை, தொகுதி அ.தி.மு.க.வுக்கு. வெற்றிப் பட்டியலில் பொன்னம்மாள் பெயர் மறுபடி வருவதற்கு 1980 ஆகிவிட்டது.

சோழவந்தானில் ஜெயித்ததற்கும் அதற்கும் நடுவே பதினெட்டு வருஷம். சபையில் இல்லாமல் கழிந்தது மட்டும் பதின்மூன்று வருஷம். நமக்கு ஒரு இன்க்ரிமென்ட் ஆறு மாசம் தள்ளிப் போனாலே வேலையை விட்டுவிடலாமா என்று தோன்றுகிறது. பதின்மூன்று வருஷம் என்பது அரசியலில் ஒரு ஆளை ஜனங்கள் மறந்தே போவதற்குப் போதுமான காலம்.

திண்டுக்கல் சொன்ன சேதி

மறக்கவில்லை என்பதற்கு ஒரு காரணம் மண்ணிலேயே இருந்தது. 1973 மே மாதம் திண்டுக்கல் நாடாளுமன்ற இடைத்தேர்தல். எம்.ஜி.ஆர். கட்சி ஆரம்பித்து ஏழு மாசம்தான் ஆகியிருந்தது. மாயத்தேவர் இரட்டை இலையில் நின்று அமோகமாக ஜெயித்தார். இது எல்லோருக்கும் தெரிந்த கதை. அதிகம் பேசப்படாத கதை, இரண்டாவதாக வந்தது யார் என்பது. ஆளுங்கட்சியான தி.மு.க. இல்லை. அது மூன்றாவது இடம். இரண்டாவதாக வந்தது காமராஜரின் ஸ்தாபன காங்கிரஸ். அதுவும் ஒரு லட்சத்துக்கு மேல் ஓட்டு வாங்கி!

ஆட்சி போய் ஆறு வருஷம், கட்சி இரண்டாக உடைந்து நாலு வருஷம். அப்படியும் இந்தப் பக்கத்துக் கிராமங்களில் பழைய காங்கிரசுக்கு ஓர் அடித்தளம் இருந்தது. பொன்னம்மாள் மாதிரி ஆட்கள் திரும்பி வருவதற்கு வேர் அங்கேதான்.

1980 பிப்ரவரியில் எம்.ஜி.ஆர். ஆட்சி கலைக்கப்பட்டது. மே மாசம் தேர்தல். எம்.ஜி.ஆர். மறுபடி ஜெயித்தார். நிலக்கோட்டையில் ஜெயித்தவர் பொன்னம்மாள். தேர்தல் பதிவேட்டில் அவர் பெயருக்கு எதிரே இருந்த வார்த்தை, 'சுயேச்சை'.

இரட்டைக் காளையும் இல்லை, கையும் இல்லை. சுயேச்சைக்குக் கிடைக்கிற ஏதோ ஒரு சின்னத்தை வைத்துக்கொண்டு கிராமம் கிராமமாகப் போய், 'இந்தத் தடவை இதுல குத்துங்க ஆத்தா' என்று புதிதாகப் பாடம் நடத்தவேண்டிய நிலை. தமிழ்நாட்டில் சுயேச்சையாக நிற்பவர்களில் முக்கால்வாசிப் பேருக்கு டெபாசிட்டே தங்காது. அதையும் மீறித்தான் ஜெயித்தார்.

முருகன் ஊரில் கம்யூனிஸ்டு!

இப்போது மலையைச் சுற்றிக்கொண்டு வடக்குப் பக்கம் போவோம். கொடைக்கானல் மலைக்கு நிஜப் பெயர் பழனி மலைத் தொடர். தெற்கே அடிவாரத்தில் வத்தலக்குண்டும் பெரியகுளமும் என்றால், வடக்கே அடிவாரத்தில் பழனி. கொடைக்கானலிலிருந்து அறுபத்துச் சொச்சம் கிலோமீட்டர் வளைந்து வளைந்து இறங்கினால் தண்டாயுதபாணி சன்னதி.

பழனித் தொகுதி ஒரு வேடிக்கையான தொகுதி. ஊர் முழுக்கக் காவடி, அரோகரா, பஞ்சாமிர்தம், விபூதி. ஆனால் 1977-ல் அந்த ஊர் எம்.எல்.ஏ. மார்க்சிஸ்ட் கம்யூனிஸ்டு கட்சியின் என்.பழனிவேல்! 1980-லும் அவரே. 1989-ல் மூன்றாவது தடவையும் அவரே. கட்சி கார்ல் மார்க்சுடையது, பெயர் முருகனுடையது. இரண்டு பக்கத்து ஓட்டும் விழாமல் என்ன செய்யும்?

நடுவில் 1984-ல் மட்டும் வேறொரு பெயர் இருக்கிறது. நம்ம பொன்னம்மாள்தான்.

நிலக்கோட்டைக்காரர் பழனிக்கு எப்படிப் போனார்? கூட்டணிக் கணக்கு. அ.தி.மு.க.வும் காங்கிரஸும் சேர்ந்து நின்ற தேர்தல் அது. நிலக்கோட்டை அ.தி.மு.க. பங்கில் போய், அதன் வேட்பாளர் ஏ.பாலுச்சாமி ஜெயித்தார். பழனி காங்கிரஸ் பங்கில் வந்தது. நிலக்கோட்டை மாதிரியே பழனியும் அப்போது தனித்தொகுதி. அதாவது தாழ்த்தப்பட்ட வகுப்பினர் மட்டுமே வேட்பாளராக நிற்கக்கூடிய தொகுதி. கட்சி, பொன்னம்மாளை மலைக்கு அந்தப் பக்கம் அனுப்பியது.

தேர்தல் தேதி டிசம்பர் 24. அக்டோபர் 31-ல் இந்திரா காந்தி சுட்டுக் கொல்லப்பட்டிருந்தார். எம்.ஜி.ஆர். அமெரிக்காவில் புரூக்ளின் ஆஸ்பத்திரியில். அவர் சிகிச்சை பெறும் வீடியோ ஊர் ஊராக ஓடியது. அந்த அலையில் பழனி காங்கிரசுக்கு வந்தது.

அப்போது பழனி இருந்தது மதுரை மாவட்டத்தில். கலெக்டரிடம் ஒரு மனு கொடுக்க வேண்டுமென்றாலும் நூறு கிலோமீட்டருக்கு மேல் பஸ்ஸில் போகவேண்டும். ஒரு நாள் கூலி காலி, பஸ் காசு காலி, 'ஐயா டூர் போயிருக்கார், நாளைக்கு வா' என்று டவாலி சொல்லிவிட்டால் அடுத்த நாள் கூலியும் காலி. 1985 செப்டம்பரில் மதுரையிலிருந்து பிரிந்து திண்டுக்கல்லைத் தலைநகராகக் கொண்டு புது மாவட்டம் பிறந்தது. பழனி, கொடைக்கானல், நிலக்கோட்டைக்காரர்களுக்குக் கலெக்டர் ஆபீஸ் கிட்டே வந்தது. ஒரு மாவட்டம் பிரிவது நமக்குப் பொது அறிவு வினாவிடை. மனு எழுதிக்கொண்டு அலைகிறவனுக்கு அது ஒரு நாள் கூலி.

ஏழு ஐந்து முப்பத்தைந்து அல்ல!

பழனியில் ஐந்து வருஷத்துக்கு ஜெயித்தார். கிடைத்தது மூன்று வருஷம். 1987 டிசம்பரில் எம்.ஜி.ஆர். மறைந்தார். கட்சி இரண்டாகப் பிளந்தது. 1988 ஜனவரி 28-ல் ஜானகி அரசு நம்பிக்கை ஓட்டுக் கேட்டபோது சபையில் மைக்குகள் பறந்தன, போலீஸ் உள்ளே வந்தது. இரண்டே நாளில் சபை கலைந்தது.

1989-ல் மறுபடி நிலக்கோட்டை, மறுபடி வெற்றி. 1991 ஜனவரி 30-ல் அந்தச் சபையும் கலைக்கப்பட்டது. இரண்டு வருஷத்தோடு சரி! ஏழு தடவை ஜெயித்தால் ஏழு ஐந்து முப்பத்தைந்து வருஷம் என்று வாய்ப்பாடு சொல்லும். வாய்ப்பாட்டுக்கு கவர்னரையும் டெல்லியையும் தெரியாது.

1991-ல் மறுபடி தேர்தல். ஜெயித்தார். 1996-ல் மூப்பனார் காங்கிரஸை விட்டு வெளியேறி தமிழ் மாநில காங்கிரஸ் கண்டபோது அவரோடு போனார். சைக்கிள் சின்னம். ஏழாவது வெற்றி.

காமராஜர், பக்தவத்சலம், எம்.ஜி.ஆர்., ஜானகி, கருணாநிதி, ஜெயலலிதா... இத்தனை முதல்வர்கள் ஆண்ட சபைகளில் உறுப்பினராக உட்கார்ந்திருந்தார் பொன்னம்மாள்.

(பெட்டிச் செய்தி)

பொன்னம்மாளின் ஏழு வெற்றி

1957 - நிலக்கோட்டை
1962 - சோழவந்தான்
1980 - நிலக்கோட்டை (சுயேச்சை)
1984 - பழனி
1989 - நிலக்கோட்டை
1991 - நிலக்கோட்டை
1996 - நிலக்கோட்டை (த.மா.கா.)

ஏழுமே சீட்டில் போட்ட ஓட்டு. தமிழ்நாட்டின் எல்லாத் தொகுதிகளிலும் மெஷின் வந்தது 2001 சட்டசபைத் தேர்தலில். மெஷினில் ஜெயிக்கும் வாய்ப்பு அவருக்கு வரவேயில்லை!

அலை எது, ஆள் எது?

இங்கே ஒரு வக்கீல் கேள்வி கேட்கத்தான் வேண்டும். 'ஏழு தடவைன்னு பெருமையாச் சொல்றீங்களே, எல்லாம் அலையில ஜெயிச்சதுதானே?'

நியாயமான கேள்வி. கணக்குப் பார்ப்போம். 1957, 1962 இரண்டும் காமராஜர் காலம். காங்கிரஸ் ஆளுங்கட்சி. 1984-ல் அனுதாப அலை. 1991-ல் ராஜீவ் காந்தி ஸ்ரீபெரும்புதூரில் கொல்லப்பட்டு ஒரு மாசம்கூட ஆகவில்லை. அ.தி.மு.க. - காங்கிரஸ் அணி 234-ல் 225 இடங்களை வாரிக்கொண்டு போனது. 1996-ல் எதிர்ப் பக்க அலை. ஜெயலலிதா பர்கூரிலேயே தோற்றார். த.மா.கா.வுக்கு 39 இடம். (அதே தேர்தலில்தான் மொடக்குறிச்சியில் 1,033 பேர் போட்டியிட்டு, ஓட்டுச் சீட்டை புஸ்தகமாகவே அச்சடிக்கவேண்டி வந்தது. வோட்டர்கள் பொருளடக்கம் தேடியிருப்பார்கள்!)

ஆக, ஐந்து வெற்றிகளில் கட்சிக்கோ அலைக்கோ பெரும் பங்கு உண்டு. ஒத்துக்கொள்வோம்.

மீதி இரண்டு? 1980-ல் சுயேச்சை. 1989-ல் இன்னும் கஷ்டம். தி.மு.க. ஒரு பக்கம், ஜெயலலிதா அணி ஒரு பக்கம், ஜானகி அணி ஒரு பக்கம், காங்கிரஸ் தனியாக ஒரு பக்கம் என நாலு முனைப் போட்டி. ராஜீவ் காந்தி தமிழ்நாட்டுக்குத் திரும்பத் திரும்ப வந்து பிரசாரம் செய்தும், மாநிலம் முழுக்க காங்கிரசுக்குக் கிடைத்தது 26 இடம்தான். அந்த 26-ல் ஒன்று நிலக்கோட்டை.

அலையில் கட்டைகூட கரை சேரும். அலை இல்லாத நாளில் நீந்துகிறவர் யாரென்பதைத்தான் பார்க்கவேண்டும். இந்த இரண்டு தேர்தலிலும் ஜனங்கள் குத்தியது சின்னத்துக்கு மட்டும் இல்லை, தெரிந்த முகத்துக்கும் சேர்த்துத்தான்.

சும்மா எம்.எல்.ஏ.வால் என்ன முடியும்?

சரி, மந்திரியாகவில்லை. 1967-க்குப் பிறகு அவர் ஜெயித்த ஐந்து தடவையும் அவர் கட்சி ஆட்சியில் இல்லை. கூட்டணி ஜெயித்தபோதும் மந்திரிசபையில் காங்கிரசுக்கோ த.மா.கா.வுக்கோ இடம் கிடையாது. இப்படிப்பட்ட எம்.எல்.ஏ.வால் என்ன செய்ய முடியும்?

ஒரே ஒரு விஷயம். கேட்க முடியும்!

சாதாரணமாகச் சொல்கிறேன் என்று நினைக்காதீர்கள். சட்டசபையில் அதற்குத்தான் இத்தனை ஏற்பாடு. காலையில் கேள்வி நேரம். 'என் தொகுதியில் இன்ன ஊருக்கு ஆஸ்பத்திரி எப்போது வரும்?' என்று கேட்டால் மந்திரி எழுந்து பதில் சொல்லியே ஆகவேண்டும். பதில் சபைக் குறிப்பில் ஏறும். அவசரப் பிரச்னை என்றால் கவன ஈர்ப்பு. துறைவாரியாகப் பணம் ஒதுக்கும் மானியக் கோரிக்கையின்போது, 'இந்தத் துறைக்கு இவ்வளவு தராதே' என்று வெட்டுத் தீர்மானம். அது ஜெயிக்காது, எல்லோருக்கும் தெரியும். அதைச் சாக்காக வைத்துத் தொகுதிக் குறையைச் சொல்லலாம், அதுதான் விஷயம்.

இப்போது எம்.எல்.ஏ.க்களுக்குத் தொகுதி மேம்பாட்டு நிதி கோடிக்கணக்கில் உண்டு. நிழற்குடை கட்டி, பெரிசாகத் தன் பெயர் எழுதி, சின்னதாக ஊர்ப் பெயர் எழுதிவிடலாம். 1957-ல் அந்த வசதி கிடையாது. எம்.பி.க்களுக்கே அப்படி ஒரு நிதி வந்தது 1993-ல்தான். அந்தக் காலத்து எம்.எல்.ஏ.விடம் இருந்தது ஒரு லெட்டர்பேடும் இரண்டு காலும்தான். அதிகாரியைப் பார், மந்திரியைப் பார், மறுபடி பார். பதில் வரும்வரை கேள். கட்சி ஆட்சியில் இல்லாதவர் இன்னும் இரண்டு நடை கூட நடக்கவேண்டும்.

மலை மேலே இன்னும் கஷ்டம்

இந்தக் கேட்கும் வேலை எவ்வளவு சிரமம் என்று பார்க்க, மலைமேல் போனால் போதும்.

2008 தொகுதி மறுவரையறை உத்தரவு, பழனி வட்டத்தின் ஒரு பகுதியையும் கொடைக்கானல் வட்டத்தையும் சேர்த்துப் பழனித் தொகுதி என்று வகுத்தது. 2011-லிருந்து அது பொதுத்தொகுதி. அடிவாரத்தில் கரும்பும் தென்னையும், மேலே உருளைக்கிழங்கும் மலைப்பூண்டும். கீழே தைப்பூசக் கூட்டம், மேலே சீசன் கூட்டம். காலையில் பழனியில் வியர்வை துடைத்துக்கொண்டு கல்யாண வீட்டில் மொய் எழுதும் எம்.எல்.ஏ., சாயங்காலம் பூம்பாறையிலோ மன்னவனூரிலோ ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு துக்கம் விசாரிக்கவேண்டும். தமிழ்நாட்டில் ஒரே நாளில் இரண்டு சீதோஷ்ணத்தில் ஓட்டுக் கேட்கிற பாக்கியம் சில பேருக்குத்தான்!

கொடைக்கானல் ஏரியைச் சுற்றி சைக்கிள் ஓட்டுகிற நமக்கு வெள்ளகவி தெரியாது. வட்டக்கானலுக்குக் கீழே, மலைச்சரிவில் இருக்கும் கிராமம். தலைமுறை தலைமுறையாக ரோடு இல்லாமல் வாழ்ந்த ஊர். அரிசி மூட்டை வேண்டுமா? குதிரை முதுகில். பிரசவ வலியா? டோலி கட்டித் தூக்கு. ஒவ்வொரு தேர்தலிலும் அங்கே போன வேட்பாளர்கள் மூச்சிரைக்க இறங்கிப்போய், 'ரோடு போட்டுத் தர்றேன்' என்று சொல்லியிருப்பார்கள். திரும்பி ஏறி வரும்போது சத்தியமாக அதை மனசார நினைத்தும் இருப்பார்கள்.

ஆனால் காட்டு வழியே ரோடு போட எம்.எல்.ஏ. கையெழுத்துப் போதாது. காப்புக்காட்டு நிலத்தை வேறு காரியத்துக்கு எடுத்தால் 1980-ம் வருஷத்து வனப் பாதுகாப்புச் சட்டப்படி மத்திய அரசின் அனுமதி வேண்டும். 2013-லிருந்து கொடைக்கானல் வனப்பகுதி வனவிலங்கு சரணாலயம் வேறு. காட்டெருமைக்கும் கடமானுக்கும் பாதுகாப்பு வேண்டாமா? வேண்டும். வலியில் துடிக்கும் பெண்ணுக்கு? அவளுக்கும் வேண்டும். இந்த இரண்டுக்கும் நடுவில் ஃபைல் போகும், வரும், திரும்பப் போகும். 2006-ல் வந்த வன உரிமைச் சட்டம், காட்டில் வாழும் மக்களின் கிராமங்களுக்கு ரோடு, பள்ளிக்கூடம் போன்ற வசதிகளுக்கு ஒரு வழியைத் திறந்தது. அந்த வழியிலும் கிராமசபை கேட்கவேண்டும், அதிகாரி கேட்கவேண்டும், யாராவது ஒருவர் ஃபைல் பின்னாலேயே நடக்கவேண்டும்.

அந்த 'யாராவது ஒருவர்'தான் எம்.எல்.ஏ. ஹோர்டிங்கில் கைகூப்பிச் சிரிப்பவரை நமக்குத் தெரிகிறது. ஃபைல் பின்னால் நடப்பவரைத் தெரிவதில்லை. அதனால்தான் அடுத்த தேர்தலில் எதைப் பார்த்து ஓட்டுப் போடுவதென்றும் நமக்குத் தெரிவதில்லை.

திறந்த கதவு

பொன்னம்மாள் 2015-ல் காலமானார். சட்டசபைக்கும் அவருக்குமான கணக்கு 2001-லேயே முடிந்திருந்தது.

அவர் அரசியலுக்கு வந்த கதவு, தனித்தொகுதி. 'சலுகை' என்று ஆபீஸ் கேன்டீனில் அலட்சியமாகப் பேசுகிறோமே, அதே கதவு. அது இல்லாமல் இருந்திருந்தால், 1957-ல் ஒரு கிராமத்துத் தாழ்த்தப்பட்ட வகுப்புப் பெண்ணுக்கு ஒரு பெரிய கட்சி டிக்கெட் கொடுத்திருக்குமா? நெஞ்சில் கைவைத்துச் சொல்லுங்கள். கதவு திறந்ததால் உள்ளே வந்தார். ஆனால் நாற்பது வருஷத்தில் ஏழு தடவை ஜெயித்தது கதவின் வேலை அல்ல. அந்தக் கதவு வழியாக வந்து, ஒரே தடவையோடு காணாமல் போனவர்களும் நிறைய உண்டு.

நிலக்கோட்டை அதற்குப் பிறகும் பெண்ணை அனுப்பியது. அ.தி.மு.க.வின் எஸ்.தேன்மொழி 2006-லும், 2019 இடைத்தேர்தலிலும், 2021-லும் அங்கே ஜெயித்தார். ஆனால் 2021-ல் தமிழ்நாடு முழுக்க 234 பேரில் எத்தனை பெண்கள் ஜெயித்தார்கள் தெரியுமா? 12 பேர்! படிப்பில் முன்னே, வேலையில் முன்னே என்று மார்தட்டுகிற மாநிலத்தில், சட்டசபைக்குப் போன பெண்கள் ஒரு மினி பஸ்ஸை நிரப்பக்கூடப் போதவில்லை.

மூன்றில் ஒரு பங்கு இடம் பெண்களுக்கு என்று 2023-ல் நாடாளுமன்றம் அரசியல் சட்டத்தையே திருத்தியது. மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, அதன் பிறகு தொகுதி மறுவரையறை, அதன் பிறகு அமல் என்று அதில் எழுதி வைத்தார்கள். அது வரும்போது, 'ஜெயிக்கிற பொம்பளைங்களுக்கு எங்கே போறது?' என்று சில தலைவர்கள் கைவிரிப்பார்கள். அவர்களை நிலக்கோட்டைக்கு ஒரு பஸ் டிக்கெட் எடுத்து அனுப்பலாம்.

நீங்களும் அடுத்த தடவை கொடைக்கானல் போகும்போது நிலக்கோட்டையில் கொஞ்சம் கண்ணைத் திறந்து பாருங்கள். முடிந்தால் இரண்டு முழம் மல்லிகை வாங்குங்கள். பஸ் மலையேற ஆரம்பித்ததும், பக்கத்து சீட் நண்பரை எழுப்பி அந்தக் கேள்வியைக் கேளுங்கள்.

'மாப்ளே, நம்ம தொகுதி எம்.எல்.ஏ. யாருடா?'

அவர் முழித்தால் திட்டாதீர்கள். பதில் உங்களுக்குத் தெரியுமா என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள்!